சாம்பல் ஆறும்வரை

பத்மநாதனின் கழுத்து தானாகத் திரும்பும். கனடாவில், மார்க்கம் நகரத்துப் பண்டசாலை ஒன்றில் இருபத்தாறு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கழுத்து அது. உயர அடுக்கிய பெட்டிகள் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். ஆகையால் பாதி ஓட்டம் பின்பக்கமாகத்தான். எடுக்குமுன் இடத்தோளுக்கு மேலால் ஒரு பார்வை, வலத்தோளுக்கு மேலால் ஒரு பார்வை. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தது அதைத்தான், மற்றதெல்லாம் பிறகு. வண்டி பின்னுக்குப் போகும்போது எழுப்பும் பீப், பீப் சத்தம் எங்கே கேட்டாலும் அவர் தலை திரும்பிவிடும். கடைத் தரிப்பிடத்திலும் திரும்பும், கோயில் வீதியிலும் திரும்பும். பிள்ளைகள் சின்னனாக இருந்த காலத்தில் அது வீட்டில் பெரிய பகிடி. மூத்தவன் கிருபன் கதவுக்குப் பின்னால் ஒளித்து நின்று "பீப், பீப்" என்பான். சோற்றுக் கோப்பையோடு அப்பா திரும்புவார். தங்கை நிலாணி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்தக் கழுத்துத்தான் போன வருடம் புரட்டாதியில் அவரைக் கைவிட்டது.

கிருபனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. விட்பி நகரில் புதிதாகக் கட்டிய வீட்டுத்தொகுதி ஒன்றில் தனியே இருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை வேலையிடத்தில் தலை இடிக்கிறது என்று கதிரையில் சாய்ந்தவன் எழும்பவில்லை. மூளைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். அவ்வளவுதான். வைத்தியம் பார்க்கவோ, பேசவோ, கையைப் பிடிக்கவோ நேரம் கிடைக்கவில்லை.

தகனசாலையில் பத்மநாதனை ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். மனைவி ஜெயமலரை வெளியே ஒரு கதிரையில் இருத்தி, இரண்டு பெண்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள், உள்ளே விடவில்லை. அடுத்தநாள் காடாத்துக்குப் பாலும் இளநீரும் கொண்டுவரலாமா என்று அங்கே நின்ற வெள்ளைக்காரப் பொடியனிடம் பத்மநாதன் கேட்டார். கேள்வி அவனுக்கு விளங்கவில்லை. நெருப்பு ஆறுமுன் சாம்பலுக்குப் பால் ஊற்றிக் குளிரப்பண்ணுகிற வழக்கத்தை அவனுக்கு எந்த இங்கிலிசில் சொல்வது? பிறகு ஒரு பெட்டி தந்தார்கள். சாம்பல் மாவாக அரைபட்டு, எப்போதோ ஆறி, பிளாஸ்ரிக் பைக்குள் இருந்தது.

சரி, எட்டாம் நாளுக்குரிய எட்டுச்செலவையாவது முறையாகச் செய்வோம் என்று நினைத்தார். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, அதில் ஒரு பங்கை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்து, கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிட வேண்டும். பார்த்தால் போகிறவர் போகமாட்டார், பின்னால் வருவார். அப்படித்தான் அவருடைய தகப்பன் செய்தார், அவருடைய சிறியதகப்பன் செய்தார். ஊரில் முச்சந்தி இருந்தது. வெக்ஸ்போர்டில் ஒன்பதாம் மாடிக்காரனுக்கு முச்சந்தி எங்கே? றால் பொரியலும் கத்தரிக்காய்ப் பால்கறியும், அவன் குடிக்கிற கோப்பியும் வைத்த அலுமினியத் தட்டோடு லிஃப்டில் இறங்கி, கார்த் தரிப்பிடத்தின் கடைசி மூலையில், குப்பைத் தொட்டிகளுக்கு அங்காலே வைத்தார். கற்பூரம் கொளுத்தினார். திரும்பினார். நடந்தார்.

யாரோ வீடு மாறினார்கள் போல. சாமான் லொறி ஒன்று பின்னுக்கு எடுத்தது. பீப், பீப்.

கழுத்து திரும்பிவிட்டது.

அவர் கண்டது சின்னச் சுவாலையும் தட்டும் மட்டும்தான். ஆனால் கண்டாயிற்று. அன்றிரவு ஜெயமலரிடம் மட்டும் சொன்னார்.

"பாத்திட்டன், ஜெயமலர். நான் பாக்கேல்லை, கழுத்துப் பாத்திட்டுது."

ஜெயமலர் எழும்பிப்போய் அறைக்கதவைச் சாத்தினாள். பிறகு, "உதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றாள்.

திரும்பிப் பார்த்தால் என்ன ஆகும் என்று ஐயரிடம் பொதுவாகக் கேட்டார். உதெல்லாம் மனசிலை இருக்கிறது, அண்ணை, என்று ஐயர் சொல்லி, அடுத்த வீட்டுக் கிரியைக்கு ஓடினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. மாசியம் முடிந்தது. வருடம் நிறைந்து ஆட்டத் திவசமும் வந்து முடிந்தது. எல்லாம் முடிந்தும் பத்மநாதனுக்குப் பிள்ளை அந்தத் தரிப்பிடத்து மூலையிலேயே நிற்கிறான். வேலையால் வந்து காரை விடும்போதெல்லாம் அந்தப் பக்கம் பாராமல் விடப் பழகிக்கொண்டார். இன்னொருதரம் செய்யவேண்டும், சரியாகச் செய்யவேண்டும். எங்கே செய்வதென்று யோசித்தபோதுதான் அந்தக் காடு நினைவுக்கு வந்தது.

கிருபனுக்குக் காட்டில் படுக்கிற விசர் ஒன்று இருந்தது. ஒன்ராறியோவில் நல்ல இடங்களை மாதக்கணக்குக்கு முன்னமே பதிந்துவிடுவார்கள் என்று, வருடத்தில் இரண்டுதரம் எல்லை தாண்டி நியூயோர்க் மாநிலத்து மலைக்காட்டுக்குப் போவான். அங்கே பதியத் தேவையில்லை. நடந்துபோ, மரத்தில் மஞ்சள் வட்டம் அடித்திருக்கிற இடத்தில் கூடாரம் அடி. வட்டம் இல்லாத இடமென்றால் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் நூற்றைம்பது அடி தள்ளிப் படு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இந்தச் சட்டங்களை அவன் ஒப்புவிப்பதைக் கேட்டால், சிவபுராணம் பாடமாக்கிய பிள்ளைபோல இருக்கும். பத்துப் பேர் சேர்ந்தால் அனுமதி எடுக்கவேணும். நிற்கிற மரத்தை வெட்டக்கூடாது, விழுந்து காய்ந்ததைத்தான் எரிக்கலாம். சாப்பாட்டைக் கரடி திறக்கமாட்டாத டப்பாவுக்குள் பூட்டவேணும். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகக்கூடாது, அதுக்குள்ளே பூச்சி வரும்.

"படுக்க வீடு இருக்கேக்கை காட்டுக்கை போய்ப் படுக்கிறதுக்கு இவ்வளவு சட்டமோ?" என்று பத்மநாதன் கேட்பார். "நாங்கள் ஷெல்லடிக்குப் பயந்து பற்றைக்குள்ளை படுத்தம். ஒருத்தனும் நூற்றைம்பது அடி அளக்கேல்லை."

"அதுதான் அப்பா, ஒருக்கா சும்மா வந்து படுத்துப் பாருங்கோ. ஒருத்தரும் துரத்தமாட்டினம்."

"ஓவர்ரைம் கிடக்கு."

நெருப்பைப் பற்றி அவன் சொன்னது ஒன்று அவருக்கு நினைவிருந்தது. விட்டுவிட்டுப் போகுமுன் தண்ணி ஊத்து, கிளறு, பிறகு கையை வைத்துப் பார். சுட்டால் போகேலாது. திரும்பவும் ஊத்து. "சாம்பலுக்கை வெறுங்கையோ?" என்று ஜெயமலர் முகத்தைச் சுளித்தாள். "வெறுங்கைதான் அம்மா. கண்ணாலை பாத்தால் நெருப்பு பொய் சொல்லும்" என்றான்.

ஆட்டத் திவசம் கழிந்த வார இறுதியில் மூன்று பேரும் வெளிக்கிட்டார்கள். நிலாணி காரோட்டினாள். இருபத்தேழு வயது, பல் வைத்தியசாலை ஒன்றில் வேலை, அண்ணன் வழக்கமாகப் படுக்கிற குளக்கரைக்கு அவனோடு இரண்டுதரம் போனவள். அண்ணனின் கூடாரமும் அடுப்பும் கரடி டப்பாவும் அவளிடம்தான் இருந்தன. தகப்பன் என்ன செய்யப் போகிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஏன் இரண்டாந்தரம் செய்யவேண்டும் என்பது தெரியாது.

எல்லையில் அதிகாரி பின்பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு வாழையிலைச் சுருளும் ஓமக்குச்சிக் கட்டும் இருந்தன. நிலாணி தகப்பனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பால் திரைந்திருக்கும்.

"அப்பா, நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான், நோ வுட் எண்டு."

"உது விறகில்லைப் பிள்ளை. சாமிக்குரியது."

"அவனுக்கு எப்பிடித் தெரியும் எந்தச் சாமியெண்டு?"

அதிகாரி மரியாதையாகவே இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டான். தேங்காயை உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். கற்பூரத்தை மணந்து பார்த்தான். சளித் தடிமனுக்குப் பூசுகிறதோ என்று கேட்டான். ஓம் ஓம் என்று ஜெயமலர் பின்னாலிருந்து தலையாட்டினாள்.

காட்டுவாசலில் பலகை ஒன்று நின்றது. நெருப்பு அபாயம் அதிகம் என்று அதில் அம்புக்குறி காட்டியது. மூன்று வாரமாக மழை இல்லையாம். பாதையில் சருகு அப்பளம் போல நொறுங்கியது. நிலாணி முன்னே, ஜெயமலர் நடுவே, பத்மநாதன் கடைசியில். தோளில் தொங்கிய மகனுடைய பை அவருக்கு அளவாக இருந்தது. வார்களை ஒருதரமும் திருத்தவேண்டி இருக்கவில்லை என்பதைப் பாதி வழியில்தான் கவனித்தார். அதற்குப் பிறகு கொஞ்சத் தூரம் அவருக்குப் பாதை தெரியவில்லை.

குளக்கரைக்கு மேலே, மஞ்சள் வட்டம் அடித்த மரத்தடியில் ஒரு வெளி. நடுவே கல்லால் வளைத்த அடுப்பு. கிருபன் படுக்கிற இடம் இதுதான் என்று நிலாணி சொன்னாள். ஜெயமலர் போய் அந்த மண்ணில் இருந்தாள். கொஞ்சம் சரிந்து கையால் தடவிப் பார்த்தாள், பிள்ளையின் படுக்கையில் சுருக்கம் எடுக்கிறதுபோல.

கூடாரம் அடித்து முடிந்ததும் தகப்பனும் மகளும் பேச்சுவார்த்தைக்கு இருந்தார்கள்.

"சாப்பாட்டை விட்டிட்டுப் போகேலாது, அப்பா. கரடி வரும். வந்து பழகினா பிறகு அதைச் சுடுவினம். அண்ணா சத்தியமா விடமாட்டான்."

"படைக்கிறதை வைக்காமல் எப்பிடி?"

"காட்டிப்போட்டு எடுங்கோ. டப்பாக்குள்ளை போடுவம். அவன் பாத்தால் காணுமெல்லே?"

பத்மநாதன் யோசித்தார். கோயிலில் சாமிக்குக் காட்டிவிட்டுத்தானே எடுக்கிறோம். "சரி" என்றார்.

"கற்பூரம் அந்தக் கல்லடுப்புக்குள்ளை மட்டும். பக்கத்திலை சட்டியிலை தண்ணி. எரிஞ்சு முடிய ஊத்திக் கிளறிக் கை வைச்சுப் பாக்கோணும். டீல்?"

"நான் திரும்பிப் பாக்கக்கூடாது பிள்ளை. வைச்சால் வைச்சதுதான், நடக்கவேணும்."

"போகமுன்னம் ஒருக்காத் திரும்பிப் பாக்கிறது அண்ணான்ரை ரூல், அப்பா. ஏதும் விட்டிட்டமோ எண்டு பாப்பான். ஒவ்வொரு முறையும்."

இருவரும் ஆளையாள் பார்த்தார்கள். ஜெயமலர்தான் நடுவில் வந்தாள். "நான் நிண்டு அணைச்சுப்போட்டு வாறன். அவர் நடக்கட்டும்."

காலையில் கூடாரத்தைப் பிரித்துக் கட்டினார்கள். வெயில் குளத்தில் விழத் தொடங்கியிருந்தது. ஜெயமலர் முதல்நாள் கொண்டுவந்த சோறும் கறியும் தட்டில் எடுத்து, ஒரு சின்னப் போத்தல் பாலும் வைத்தாள். நிலாணி தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் முன்னாலை போறன். நீங்கள் செய்யுங்கோ" என்று பெரிய பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

பத்மநாதன் கல்லடுப்புக்குக் கிட்டப் போனார். குனிந்து பார்த்தார். கருகிய கொழுப்பு கல்லில் வடிந்து உறைந்திருந்தது. ஒரு கோணல் கம்பி, அதில் ஒட்டிய ஏதோ தோல். இரண்டடி பின்வாங்கினார்.

"உதுக்குள்ளையோ? ஆரார் என்னென்ன சுட்டுத் திண்டாங்களோ. என்ரை பிள்ளைக்கு எச்சில் அடுப்புக்குள்ளையோ கற்பூரம்?"

"பிள்ளை சொன்னவளெல்லோ."

"ஒரு கட்டிக் கற்பூரம், ஜெயமலர். எவ்வளவு நேரம் எரியும்?"

சற்றுத் தள்ளி, பெரிய பைன் மரம் ஒன்றின் கீழே நிலம் மண்ணிறமாய், மெத்தென்று, பாய் விரித்ததுபோலக் கிடந்தது. ஒருவரும் மிதிக்காத இடம். அவர் கையால் மேற்சருகை விலக்கினார், கீழேயும் சருகுதான். அதற்குக் கீழேயும் அதுதான். துப்புரவாக இருந்தது, அது போதும். தேங்காயைக் கல்லில் உடைத்து, குடுமிப் பாதியைக் கவனமாக இருத்தி, உள்ளே கற்பூரத்தை வைத்தார். தட்டை மும்முறை காட்டினார், ஜெயமலர் அதை வாங்கிக் கரடி டப்பாவுக்குள் கொட்டினாள். பால் போத்தலை வைத்தார். கொளுத்தினார்.

"ராசா" என்றார்.

"நடவுங்கோ" என்றாள் ஜெயமலர்.

"நீரும் வாரும். ஆரும் பாக்கக்கூடாது."

"என்னை ஆர் பாக்காதை எண்டது? அண்டைக்கு என்னை வெளியிலை இருத்திப்போட்டுத்தானே பொத்தானை அமத்தினீங்கள். இண்டைக்கு நான் பாக்கிறன். நீங்கள் போங்கோ."

அவர் திரும்பினார். பையின் வார்களை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பாதையில் ஏறினார். இந்தமுறை லொறி இல்லை, சத்தம் இல்லை. ஒரு மரங்கொத்தி மட்டும் எங்கேயோ தட்டியது. ஒவ்வொரு அடியும் சரியாக விழுந்தது. இப்படித்தான் நடக்கவேண்டும், இப்படித்தான் அன்றைக்கே நடந்திருக்கவேண்டும் என்று நெஞ்சு சொன்னது. பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஸ்ஸ் என்று ஒரு சீறல். நல்லது. முடிந்தது.

பிறகு ஜெயமலரின் காலடி. அவரைத் தொடர்ந்து வரவில்லை, குளத்துப் பக்கம் இறங்கியது. திரும்ப ஏறியது. மறுபடி தண்ணீர். மறுபடி இறங்கியது, இப்போது அவசரமாக.

கற்பூர மணம் முதலில் வந்தது. அதற்குப் பின்னால் வேறொரு மணம், பிசினும் மண்ணும் சேர்ந்து கருகுகிற மணம்.

அவர் நின்றார். கழுத்து முறுகியது. வாரை இன்னும் இறுக்கிப் பிடித்து, முன்னால் இருந்த ஒரு பாறையில் கண்ணைக் குத்தி வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"ஜெயமலர்! அணைஞ்சிட்டுதோ?"

"நடவுங்கோ நீங்கள்."

குரலில் புகை அடைத்திருந்தது. இரண்டடி வைத்தார். பின்னால் இருமல். இருமலை வாய்க்குள் அடக்குகிற சத்தமும் கேட்டது. அவருக்குக் கேட்கக்கூடாதென்று அடக்குகிறாள். கூப்பிட்டால் அவர் திரும்புவார் என்று கூப்பிடாமல் நிற்கிறாள். மூன்றாந்தரம் செய்ய இன்னொரு காடு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்குக் கழுத்து தானாகத் திரும்பியது. இன்று அது அசையவில்லை, கல்லாய் நின்றது. பத்மநாதன் கழுத்தை விட்டுவிட்டுக் காலைத் திருப்பினார். முழு உடம்பையும் திருப்பினார். பிறகு ஓடினார்.

பெரிய சுவாலை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. தேங்காய்க் குடுமி பற்றி, சிரட்டை உருண்டு, சருகுக்குள் கவிழ்ந்திருந்தது. பைன் ஊசிகளின் மேல் ஒரு கறுப்பு வட்டம் எண்ணெய்க்கறை போலப் பரவியது. அதன் ஓரமெல்லாம் சிவப்பு நூல். மரத்தின் வேரடியில் ஒரு சின்ன நாக்கு எழும்பி எழும்பி மடங்கியது. ஜெயமலர் சட்டித் தண்ணீரை ஊற்ற ஊற்ற மேலே கறுத்தது. ஒரு முழம் தள்ளிப் புகை வந்தது. காற்று எழும்பினால் என்ன ஆகும் என்று நினைக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அந்தக் குளக்கரை, கிருபன் படுத்த மண், மஞ்சள் வட்டம் அடித்த மரம் எல்லாம் சருகுதான்.

"ஏன் கூப்பிடேல்லை?"

"கதையாதேங்கோ. தண்ணி."

கரடி டப்பாவைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் கல்லடுப்புக்குள் கொட்டினார். நல்ல பெரிய வாளி அது. குளத்துக்கும் மரத்துக்கும் இடையே இருவரும் ஏறினார்கள், இறங்கினார்கள். அவளுடைய சப்பாத்து சேற்றில் கழன்றது, கழன்றபடி வந்தாள். அவர் ஒரு தடியால் கிளறினார். மேலே கரி, கீழே சருகு, அதற்குக் கீழே செக்கச் சிவந்து கிடந்தது. நெருப்பு நிலத்துக்குள் இறங்கியிருந்தது. கண்ணாலே பார்த்தால் நெருப்பு பொய் சொல்லும்.

முழங்காலை ஊன்றிக் கையால் தோண்டத் தொடங்கினார். தோண்டி, ஊற்றி, கிளறி, கை வைத்தார். சுட்டது. இழுத்துக்கொண்டார். இன்னொரு வாளி. கிளறினார். கை வைத்தார். சுட்டது, முந்தியதைவிடக் குறைவாக.

நிலாணி பாதையில் ஓடிவந்தாள். புகை மணத்துக்கு வந்திருக்கவேண்டும். தகப்பனையும் தாயையும் கறுத்த நிலத்தையும் நெருப்பு வைக்காத கல்லடுப்பையும் பார்த்தாள். பையிலிருந்து சின்ன மண்வாரியை எடுத்துத் தகப்பனுக்கு எதிரே முழங்காலில் இருந்தாள்.

"வேரைச் சுத்தித் தோண்டுங்கோ, அப்பா. வேருக்குள்ளாலை போகும்."

மூவரும் தோண்டினார்கள். வெயில் நன்றாக ஏறியது. மரத்தைச் சுற்றி ஒரு பெரிய ஈரக்குழி ஆயிற்று, கரிச்சேறு. நிலாணி ஓரமோரமாய்க் கை வைத்து வந்தாள். "இஞ்சை ஓகே. இஞ்சையும் ஓகே. அப்பா, உங்கடை பக்கம்?"

பத்மநாதன் நடுவில், சிரட்டை கவிழ்ந்த இடத்தில், உள்ளங்கையை விரித்து வைத்தார். இன்னும் ஒரு சூடு, காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியில் இருக்கிற அளவு.

"கொஞ்சம் கிடக்கு" என்றார்.

டப்பாவும் சட்டியும் வெறுமையாக இருந்தன. நிலாணி எழும்பப் போனாள். அதற்குள் ஜெயமலர் மரத்தோடு சாய்ந்து கிடந்த பால் போத்தலை எடுத்துத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். மணத்துக்குக் கரடி வரும் என்று சொல்லக்கூடியவள் சற்றுத் தள்ளி இடம் விட்டாள்.

ஜெயமலர் ஊற்றினாள். அவர் கைவிரலுக்கு மேலாலேயே ஊற்றினாள். வெள்ளை கரிக்குள் ஓடி, சாம்பல் நிறமாகி, இறங்கியது. கையை எடுக்காமல் வைத்திருந்தார். சேறு மெல்ல மெல்லக் குளிர்ந்து, கடைசியில் அவர் கைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

"சுடுதோ?"

"இல்லை."

நிலாணி சட்டியை எடுத்துக்கொண்டு குளத்துக்கு இறங்கினாள், பால் ஊற்றிய இடத்துக்கு இன்னும் தண்ணீர் கொண்டுவர. அவள் அங்கால் போனபிறகு பத்மநாதன் மெல்லச் சொன்னார்.

"திரும்பவும் பாத்திட்டன், ஜெயமலர்."

அவள் சேலைத் தலைப்பு இல்லாததால் குளிர்ச்சட்டையின் கையால் முகத்தைத் துடைத்தாள். கரி இன்னும் பரவியது.

"பாத்தால் என்ன? பின்னாலை வருவான், அவ்வளவுதானே. வந்தால் வரட்டுமன். வேறை ஆரின்ரையோ பிள்ளையே அவன், எங்கடையெல்லோ?"

அவர் அவளைப் பார்த்தார். இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா அன்றைக்கு அவள் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ என்றாள்?

நிலாணி வந்து ஊற்றினாள். கல்லடுப்புக்குள் கொட்டிய சோற்றையும் கறியையும் ஒரு பருக்கை விடாமல் பொறுக்கி டப்பாவுக்குள் போட்டார்கள். சிரட்டைத் துண்டுகளை எடுத்தார்கள். போகிற வழியில் காட்டதிகாரிகளின் அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும் என்றாள் நிலாணி. நிலத்துக்குள் நெருப்பு இருந்தால் பிறகும் எழும்பும், அவர்கள் வந்து பார்க்கட்டும். "குற்றக்காசு போடுவாங்களோ?" என்று ஜெயமலர் கேட்டாள். "போடட்டும்" என்றார் பத்மநாதன். "நான்தான் கொளுத்தினன் எண்டு நான் சொல்லுறன். நீ இங்கிலிசிலை சொல்லு."

பைகளைத் தூக்கினார்கள். பாதை தொடங்கும் இடத்தில் நிலாணி நின்றாள். தகப்பன் வரும்வரை காத்து நின்று, சற்றுத் தயங்கி, "நீங்கள்தான் பாருங்கோ, அப்பா" என்றாள்.

பத்மநாதன் இடத்தோளுக்கு மேலால் பார்த்தார். வலத்தோளுக்கு மேலால் பார்த்தார். பிறகு முழுதாய்த் திரும்பி நின்று பார்த்தார். கல்லடுப்பு, கூடாரம் அழுத்திய புல், ஈரமாய்க் கறுத்த குழி, அதற்கு மேலே நிற்கிற மரம். புகை இல்லை.

"ஒண்டும் விடேல்லை" என்றார்.

நிலாணி முன்னே நடந்தாள். ஜெயமலர் நடுவே. அவர் கடைசியில் வந்தார். காரடிக்கு வந்துசேரும்வரை அவர் நின்று நின்று திரும்பிப் பார்த்தபடியே வந்தார். அவர் நிற்கும்போதெல்லாம் ஜெயமலரும் நின்றாள். அவர் பார்த்து முடிந்து காலெடுத்து வைத்தபிறகுதான் அவளும் நடந்தாள். பாலம்போலப் போட்டிருந்த மரக்குற்றியடியில் ஒருதரம் மட்டும், முன்னால் போகிறவளுக்குக் கேளாத குரலில் கேட்டாள்.

"வாறானோ?"

"ஓம்" என்றார் பத்மநாதன்.